கூழைக்கடாவுக்குக் கட்டிய பச்சைச் சேலை

என் தம்பியைக் கையோடு கூட்டிவந்து யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியில் கண் வெட்டுவிக்க வேண்டும். அதற்காகத்தான் நான் வன்னிக்குப் போனேன். குருவி பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு ஊரில் வேறு விதமாகக் கதைத்தார்கள்.

தம்பி பொன்னுத்துரை இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி எடுத்துப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். அவனுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. டாக்குத்தர் திங்கட்கிழமை காலமை வந்து படுக்கச் சொல்லி நாள் கொடுத்திருந்தார். அந்த நாளைத் தவறவிட்டால் இனி மாரி கழிந்துதான் என்றும் சொல்லியிருந்தார். தம்பிக்குக் கடிதம் போட்டால், "சூடு மிதிச்சு நெல் ஏத்தி முடிய வாறன்" என்று பதில் வரும். அதுவும் மனைவியைக் கொண்டு எழுதிவித்த பதில். எங்கள் குடும்பத்தில் என் சொல்லைத் தட்டிய ஆள் கிடையாது. ஆகவே புதன்கிழமை நானே வெளிக்கிட்டேன்.

அது தண்டவாளத்தில் கரிக்கோச்சி புகை விட்டு ஓடிய காலம். ஆனையிறவு வெளியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாக மினுங்கியது. அதற்கப்பால் பனையின் எண்ணிக்கை குறையக் குறைய எனக்கு ஊர் முடிந்துவிட்டது போலிருந்தது. நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கோச்சி நின்ற இடத்துப் பலகையில் இரண்டு எழுத்துக் கூட்டுவதற்குள் முன்னால் இருந்த மனுசி, "இனி அங்காலை காடுதான்" என்றாள். ஆரிடமும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கோச்சி வெளிக்கிட்ட பிறகுதான் பலகையை வாசித்து முடித்தேன். பரந்தன் என்று போட்டிருந்தது. கிளிநொச்சி அடுத்த தரிப்பு.

அங்கிருந்து வைக்கோல் ஏற்றிய உழவு மெசினொன்றின் பெட்டியில் போனேன். "எணேய் ஆச்சி, வடிவாப் பிடிச்சுக்கொண்டிருங்கோ, பள்ளம் வருது" என்று ஓட்டியவன் பள்ளத்துக்குள் விழுந்த பிறகு ஒவ்வொரு முறையும் சொன்னான். தம்பி வீட்டுப் படலையில் வந்து இறங்கியபோது தலையிலிருந்து கால்வரை வைக்கோல்.

தம்பி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தான். எழும்பி என் பக்கம் பார்த்து, "ஆர், அக்காவே? வெள்ளையாத் தெரியுது, அக்காவாத்தான் இருக்கும்" என்றான். என் முகம் தெரியவில்லை. நான் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டினேன்.

"நாளைக்கே வெளிக்கிடு" என்றேன்.

"ஞாயிறு வரைக்கும் பொறு அக்கா. ஒரு வேலை கிடக்கு."

வேலை என்ன என்று அவன் மனைவி மங்கை சொன்னாள். அவன் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்தபோது, மாறிப் போன ஓவசியர் ஒருவர் ஒரு பெட்டிக் கமராவைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று தொடங்கிய விசர். குளத்துக்கு வருகிற பறவை ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பழைய கொப்பியொன்றில் ஒட்டி, கீழே பேர் எழுதி வைத்திருந்தான். நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, மயில். கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. பேர் மட்டும் எழுதியிருந்தது. கூட்டி வாசித்தேன்: கூழைக்கடா.

"உது ஒவ்வொரு நாளும் குளத்திலே நிக்கிறதுதானே, எப்பவும் எடுக்கலாம் எண்டு விட்டிட்டன்" என்றான் தம்பி. "பேந்து பாத்தால் கண் மங்கிப் போச்சு."

"அதுக்குத்தானே கண் வெட்டப் போறது. வந்து எடன்."

"கத்தி வைச்சாப் பிறகு பார்வை வந்தாலும் வரும், வராட்டில் இல்லை. என்னோடை வேலை செய்த கந்தையருக்கு வரேல்லை. உள்ள கண்ணோடை இந்த ஒண்டை எடுத்திட்டனெண்டால் பேந்து நீ எங்கை கூப்பிட்டாலும் வருவன். எடுக்காமல் வரன்."

கண்டறியாத கமராவும் கண்டறியாத குருவியும் என்று ஏசினேன். அவன் கொடுப்புக்குள் சிரித்தான். சின்ன வயதிலும் அப்படித்தான். அடித்தால் அழாமல் சிரிப்பான், அதற்குமேல் ஒன்றும் செய்ய இயலாது. பறவை படத்தில் விழுந்தால்தான் தம்பி கோச்சி ஏறுவான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

மங்கைக்குச் சூடு மிதிக்கிற ஆட்களுக்குச் சமைத்து அனுப்பவே நேரம் போதாது. தனியே போனால் அவன் விழுவான். போன மாதம் வாய்க்காலுக்குள் விழுந்த காயம் முழங்காலில் இன்னும் ஆறவில்லை. ஆகவே நானே கூட்டிப்போனேன்.

வியாழன் விடியப் புறப்பட்டோம். நான் முன்னால், அவன் நாலு முழம் பின்னால். "உன்ரை வெள்ளைச் சீலையைப் பாத்துக்கொண்டே வந்திடுவன்" என்றான். இரணைமடுக் குளத்து அணைக்கட்டில் ஏறினதும் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் குனிந்து பார்க்கிற தண்ணீர். இங்கே கண் எட்டுகிற தூரத்துக்கும் அப்பால் கிடக்கிறது. ஆவணி மாதமானதால் வற்றியிருக்கிறது என்றான் தம்பி. இதுவா வற்றல் என்று நினைத்தேன். கட்டின்மேல் குடியேற்றக்காரர்கள் பூங்காவில் உலாத்துகிற மாதிரிக் காற்று வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள்.

தண்ணீரோரத்தில் சவரிமுத்து என்ற மீன்பிடிகாரனும் இன்னும் இருவரும் தோணியைக் கரையில் இழுத்துவிட்டு வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சுற்றிக் கூழைக்கடாக்கள். நான் அவற்றை அன்றுதான் கிட்டத்துக் கண்டேன். ஒவ்வொன்றும் ஓராட்டுக்குட்டியளவு. கீழ்ச்சொண்டில் ஒரு பை தொங்குகிறது. கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற பெரிய மனிதர்கள் போல், அவசரமில்லாத முகத்தோடு, ஆனால் ஓரடியும் விலகாமல் நின்றன.

நாங்கள் கட்டால் இறங்கி ஐம்பது அடிக்குள் போகவில்லை, அவ்வளவும் ஒன்றாக எழும்பின. அந்தச் செட்டைச் சத்தம் பாய் உதறுகிற மாதிரி. தம்பி சத்தம் வந்த பக்கம் கமராவைப் பிடித்து அமத்தினான். சுருளில் எட்டுப் படம்தான். அன்றைக்கே மூன்று போயிற்று.

"என்ன அக்கா, பறவை நிண்டதே?"

"வானத்தை எடுத்திருக்கிறாய்."

மத்தியானம் மங்கை குளத்து மீனில் குழம்பு வைத்திருந்தாள். யப்பான் மீன் என்கிறார்கள். சேற்று மணம் அடித்தது. கடல் மீன் சாப்பிட்ட நாக்குக்கு அது மீனே அல்ல. ஆனால் குரக்கன் பிட்டும் எருமைத் தயிரும் தேனும் போட்டாள் பாருங்கள், அதற்கு யாழ்ப்பாணத்தில் ஈடு கிடையாது. தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மரை இறைச்சி வத்தலும் பொரித்து வைத்தாள். நான் தொடவில்லை. இரண்டாம் நாள் தொட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டால் போகாமல் பற்றைக்காட்டுப் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தோம். வழியில் வைக்கோற்போர் சிந்தினது போல் ஏதோ குவிந்து ஆவி பறந்தது. "இதென்ன?" என்றேன். தம்பி மூக்கை உறிஞ்சி, "யானை. இப்பதான் போயிருக்கு. பேசாமல் வா" என்றான். நான் ஒரு சொல்லும் பேசவில்லை; கந்தனை மட்டும் கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளிச் சேற்றில் கிடந்த மரக்குற்றி ஒன்று எங்களைக் கண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. தம்பிக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் படம் எடுக்க நிற்பான்.

அந்தப் பக்கத்தாலும் போனோம், அங்கேயும் பறவைகள் எழும்பின. இரண்டு படம் போயிற்று. திரும்பி வரும்போது இருவருக்கும் வாய்த்தர்க்கம்.

"நீ சத்தம் போடுறாய் அக்கா."

"நான் மூச்சும் விடேல்லை. நீதான் இருமினனி."

சனிக்கிழமை மீன்பிடிகாரருக்குப் பின்னால் பதுங்கிப் போனோம். அவர்களுக்கு இரண்டடியில் நின்ற பறவைகள் எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டன. தம்பி இரண்டு முறை அமத்தினான். ஒரே ஒரு படம் மிச்சம். அவன் அப்படியே மணலில் குந்திவிட்டான். "சரி அக்கா. நீ போ. நான் வரேல்லை" என்றான். கோபமில்லை, அலுப்பு. கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

சவரிமுத்து கையைக் கழுவிக்கொண்டு கிட்ட வந்தான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இங்கே தொழிலுக்கு வந்தவன், நாற்பது வயதிருக்கும்.

"அம்மா குறை நினைக்கக்கூடாது. ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லும்."

"எங்களைக் கண்டு உதுகள் எழும்புறேல்லை. ஐயா முந்தித் தனிய வரேக்கையும் இருக்கும். அம்மாவின்ரை வெள்ளைச் சீலைதான் கலைக்குது."

"என்ரை சீலையிலை என்ன பிழை?"

"பிழை ஒண்டுமில்லை அம்மா. தூரத்திலையே பளிச்செண்டு அசையுது, அதுகளுக்குப் பயம். போன கிழமை கோயில் ஐயர் குளிக்க வந்தவர், வேட்டியைக் கண்டும் இப்பிடித்தான் எழும்பினதுகள். ஐயரும் ஏசினவர்."

மூன்று நாளாகத் தம்பியையும் இருமலையும் ஏசிக்கொண்டு, கலைத்தவள் நானாக இருந்திருக்கிறேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் வெள்ளை கட்டத் தொடங்கி அப்போது இருபத்தாறு வருடம். என் புருசன் மோசம் போய் நான் விதவையானபோது எனக்கு முப்பத்தைந்து. ஆரும் சொல்லிக் கட்டியதில்லை, ஆருக்கும் பயந்தும் கட்டியதில்லை. அதை வெளுத்து, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு நான் றோட்டில் போனால் சைக்கிளில் வருகிறவனும் இறங்கித்தான் நடப்பான். என் மரியாதை அது. குருவிக்காக அதை அவிழ்ப்பதா?

பின்னேரம் முழுக்க முற்றத்தில் நெல் காவல் இருந்து யோசித்தேன். தம்பி கதிரையில் இருந்தபடி கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். எழுத்துத் தெரியாதவர்கள் எழுத்தைத் தடவுகிற மாதிரி. எனக்கு அது தெரியும். நான் அப்படித் தடவித்தான் படித்தேன்.

விளக்கு வைக்க முன்னம் குசினிக்குள் போனேன்.

"மங்கை, உன்னட்டை இலைப் பச்சையிலை பழைய சீலை ஏதும் இருக்கே?"

அவள் அகப்பையோடு நின்றாள். பிறகு, "ஓம் மச்சாள்" என்று அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வந்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். ஆருக்கு, ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பிக்கு நல்ல பெண்தான் வாய்த்திருக்கிறாள் என்று அன்றுதான் ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடிய அதைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். தம்பி கமராவோடு நின்றான். நான் வழக்கம்போல் நாலு முழம் முன்னால் நடந்தேன்.

"அக்கா, எங்கை நிக்கிறாய்?"

"உனக்கு முன்னாலைதான்."

"காணேல்லை." கையை முன்னால் நீட்டி வெறுங்காற்றைத் துழாவினான். "வெள்ளை எங்கை?"

"பச்சை கட்டியிருக்கிறன்."

வேலியில் செடியோடு செடியாக நான் கரைந்துபோய்விட்டேன் போலும். திரும்பிப் போய் அவன் கையைப் பிடித்தேன். எட்டு வயதுக்குப் பிறகு அவன் கையை நான் பிடித்ததில்லை. தோல் மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தது.

குளக்கட்டில் ஏறவும் எதிரே பறுவதம். எங்கள் ஊர்க்காரி, என் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. மகளோடு இருக்க வன்னிக்கு வந்தவள். இவள் வாயில் விழுந்தால் கோச்சிக்கு முந்திக் கதை ஊர் போய்ச் சேர்ந்துவிடும். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னக்கா, இதென்ன கோலம்?"

"கூழைக்கடாவுக்குக் கட்டினனான்."

"ஆருக்கு?"

"கூழைக்கடாவுக்கு. உனக்கில்லை. வழியை விடு."

தம்பி என் கையை இறுக்கினான். அவன் சிரிக்கிறான் என்று கை ஆடியதில் தெரிந்தது.

தோணியடியில் அவனைச் சவரிமுத்துவிடம் இருத்தினேன். இரண்டு பேராகப் போனால் சத்தம் கூடும், ஒரு படம்தான் மிச்சம். "உன்னையே காணேல்லை, பறவையை எங்கை காணப்போறன்? நீயே அமத்து அக்கா" என்று கமராவை என் கையில் தந்தான். மேலே தபால் முத்திரையளவு ஒரு கண்ணாடி. அதற்குள் குனிந்து பார்க்க வேண்டும், பறவை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து விசையை அமத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

நடந்தேன். ஐம்பது அடி. முப்பது அடி. ஒன்றும் எழும்பவில்லை. ஒன்று திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்பது போல் மறுபக்கம் திரும்பியது. என்னை அப்படி ஒருவரும் அசட்டை செய்தது கிடையாது. அன்றைக்கு அது சந்தோசமாக இருந்தது. கண்ணாடிக்குள் குனிந்தேன். பறவை வலப்பக்கம் நின்றது, கமராவை வலப்பக்கம் திருப்பினேன், பறவை இன்னும் ஓடிப்போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி போல இதிலும் இடம்வலம் மாறித்தான் தெரியுமாக்கும் என்று விளங்க எனக்குக் கன நேரம் பிடித்தது. அது வரைக்கும் அந்தப் புண்ணியம் செய்த பறவை நின்றது.

இன்னும் கிட்டப் போனேன். இன்னும். பறவை விடுகிறதே, நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்? கடைசியில் அதற்கும் எனக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான். சவரிமுத்து ஒரு மீனைச் சுழற்றி எறிந்தான். பறவை அண்ணாந்து பிடித்தது. பை விரிந்தது, மீன் உள்ளே துடிப்பது தோலுக்கு வெளியே தெரிந்தது. அமத்தினேன்.

"அமத்தினியே?" தம்பியின் குரல்.

"ஓம்."

"என்ன செய்தது? சொல்லு, சொல்லு."

போய் அவன் பக்கத்தில் இருந்து சொன்னேன். மேல்சொண்டின் ஓரத்தில் அரிவாளுக்குப் பல் வைத்தது போல் வரிசையாகப் புள்ளி இருப்பதை, பிடரியில் வாராத தலைமயிர் மாதிரிச் சிலிர்த்து நிற்பதை, மீன் இறங்கிய பிறகு பையை மடித்து வைத்த விதத்தை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு எழும்பி, "எத்தினை மணிக்குக் கோச்சி?" என்றான்.

கண் வெட்டினார்கள். ஆடாமல் கிடக்கச் சொல்லித் தலைக்கு இரண்டு பக்கமும் மண்மூட்டை வைத்தார்கள். பறுவதத்தின் கதையும் ஊருக்கு வந்து சேர்ந்தது. சந்தையில் இரண்டொருவர் என் சேலையைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் கத்தரிக்காயைப் பார்த்தார்கள். அந்த வேளையில் படச் சுருளைக் கழுவக் கொடுத்து எடுத்தேன். கடைக்காரர் உறையை நீட்டும்போதே, "அம்மா, உவ்வளவு கிட்டப் போகக்கூடாது. மேல் கண்ணாடிக்குத் தெரியிறது எல்லாம் படத்திலை விழாது" என்றார்.

பறவை இருந்தது. கால் இரண்டும், செட்டையும், நெஞ்சும் துலக்கமாக இருந்தன. கழுத்தோடு வெட்டு. தலையும் இல்லை, சொண்டும் இல்லை, பையும் இல்லை, மீனும் இல்லை.

தம்பி கேட்கும்போதெல்லாம் படம் இன்னும் வரவில்லை என்றேன்.

ஒன்றரை மாதத்தின் பின் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் கோச்சியில் என்னோடு கிளிநொச்சிக்கு வந்தான். "தெரியுதே?" என்று கேட்டேன். "ஓம், வடிவாத் தெரியுது" என்றான். எனக்குச் சந்தோசம் வரவில்லை. இரண்டு வருடமாகக் கண் மறைந்துகொண்டு போனபோதும், ஆள் முகமே தெரியாமல் போகும் வரைக்கும் கேட்டவர் எல்லாருக்கும் அவன் சொன்னதும் இதே சொல்தான் என்று மங்கை சொல்லியிருந்தாள். வழி நெடுக யன்னலால் பார்த்தான். எதைப் பார்த்தான் என்று ஆருக்குத் தெரியும்? படலையில் மங்கை ஓடிவந்து, "என்னைத் தெரியுதே?" என்றாள். "ஓம், ஏன் தெரியாமல்?" என்றான். அவளும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதே நினைப்புத்தான்.

கதிரையில் இருந்ததும் கேட்டான். "இன்னும் வரேல்லை எண்டு சொல்லாதை அக்கா. படத்தைத் தா."

இனி மறைக்க இயலாது. மடியிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நல்ல வடிவா வந்திருக்கு" என்று சொன்னானென்றால் கண் வரவில்லை, எல்லாம் முடிந்தது. அந்தச் சொல் வரக்கூடாதென்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துகொண்டேன். மங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் படத்தைக் கிட்டப் பிடித்தான், எட்டப் பிடித்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பிடித்தான். நெற்றி சுருங்கியது.

"அக்கா."

"என்ன தம்பி?"

"இதுக்குத் தலை எங்கை?"

மங்கை வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"தலை இல்லையே! சொண்டு இல்லை, பை இல்லை, இதென்ன கூழைக்கடாவோ, உரிச்ச கோழியோ? ஒரு படம், ஒரேயொரு படம், உன்னை நம்பித் தந்தன். கமரா பிடிக்கத் தெரியாட்டில் சொல்லியிருக்கலாந்தானே? கண்டறியாத படமெடுப்பு!"

அறுபத்தொரு வயதுவரைக்கும் என்னை ஒருவரும் இப்படி ஏசியதில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். "கால் எத்தினை தெரியுது?" என்று கேட்டேன்.

"ரெண்டு! ரெண்டும் சேத்துக்குள்ளை! காலை எடுக்கச் சொல்லியே தந்தனான்?"

"செட்டையிலை என்ன தெரியுது?"

"கறுப்பு இறகு தெரியுது. கதையை மாத்தாதை!"

மாற்றவில்லை. ஏசு தம்பி, இன்னும் ஏசு என்று நின்றேன்.